காட்டாமல் விட்ட சுற்று

போன வாரம் நம் பழைய பிரிவுக்கு வந்தபோது நீங்கள் எனக்குக் காட்டிய புதிய கணினி மாடல் நன்றாக ஓடுகிறது. பொந்தியான் பக்கத்தில் வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வந்தால் எந்த விவசாயி பயிரை மாற்றுவார், யார் நிலத்தை விட்டே போவார் என்று அது ஓட்டிக் காட்டியபோது, ஓய்வு பெற்றவள் என்பதையும் மறந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கிளம்பும்போது உங்களில் ஒருவர் கேட்டீர்கள், இத்தனை வருஷத்தில் உங்களை மிகவும் திணறவைத்த கணக்கு எது என்று. அப்போது சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். உண்மையில் கணக்கு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஜொகூரில் காஹாங் பக்கத்தில் ஒரு பாலாய் ராயாவில், ஊர்ப் பொதுமண்டபத்தில், ஒரு பட்டனை அழுத்துவதா வேண்டாமா என்று விரலைத் தூக்கிக்கொண்டு நின்றதுதான் வந்தது. அதைச் சொல்கிறேன்.

நம் வேலை என்ன என்று வீட்டு விசேஷங்களில் யாராவது கேட்டால் நான் சுருக்கமாகச் சொல்வது இதுதான்: கணினிக்குள் ஒரு கம்பத்தை, ஒரு சின்ன கிராமத்தை, கட்டுகிறோம், அதில் விவசாயிகளைக் குடிவைக்கிறோம், மழையை மாற்றிவிட்டு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கிறோம். கேட்டவர்கள் பிள்ளைகள் ஆடும் விளையாட்டு போல இருக்கிறதே என்பார்கள். நான் மறுப்பதில்லை.

அப்போது எங்கள் பிரிவுக்குத் தலைவராக இருந்த அம்மையாரை எல்லோரும் புரோஃப் என்றுதான் கூப்பிடுவோம். மலாய்க்காரர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. விவசாயி எப்படி முடிவெடுப்பார் என்பதை நாமே ஏர்கோன் அறையில் உட்கார்ந்து எழுதிவிடக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். அவர்களையே கூப்பிட்டு உட்காரவைத்து ஆடவிடுங்கள், அதைப் பார்த்து மாடலைத் திருத்துங்கள் என்றார். அப்படிப் பிறந்ததுதான் அந்த விளையாட்டு. ஆளுக்கொரு டேப்லட். ஒரு சுற்று என்பது ஒரு வருஷம். அந்த வருஷத்து மழையை நான் அறிவிப்பேன். அவரவர் நிலத்தில் என்ன செய்யப்போகிறார் என்று தேர்ந்தெடுத்து, ஏன் என்று ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். எல்லாம் முதலில் என் கணினிக்கு வரும். பிறகு ஒரு பட்டனை அழுத்தினால் சுவரில் பெரிய திரையில் பெயரோடு விழும். யார் என்ன செய்தார் என்று தெரிந்தால்தான் ஆட்டம் சூடாக இருக்கும் என்று முதலில் ஆடிப்பார்த்தவர்களே கேட்டுக்கொண்டதால் பெயரைப் போட்டோம்.

காஹாங்கில் நாங்கள் போன இடம் ஆற்றை ஒட்டிய சிறுதோட்டக்காரர்களின் கம்பம். செம்பனை, கொஞ்சம் காய்கறி. மலாய்க்காரர்கள், சீனர்கள், தோட்டத்து வேலையிலிருந்து வெளியே வந்து சொந்தமாக நிலம் வாங்கிய நம் ஆட்கள் எல்லோரும் கலந்து இருந்தார்கள். தொடர்ந்து இரண்டு மழைக்காலம் ஆறு ஏறி வந்திருந்தது. அங்கே கரை கட்டுவதா, இல்லை அந்தப் பணத்தை ஆற்றின் கீழ்ப்பக்கம் வேறு கம்பத்துக்குக் கொண்டுபோவதா என்று முடிவெடுக்க வேண்டிய அதிகாரி ஒருவர் ஜொகூர் பாருவிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளச் சுற்றில் இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நேரில் பார்க்கத்தான் வந்தேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டார். அடுத்த வாரம் அவருக்குக் கூட்டம். ஜனங்கள் எப்படியும் கிளம்பிவிடுவார்கள் என்றால் அங்கே கரை கட்டி என்ன பயன் என்பது அவர் கேள்வி. அவரைக் குறை சொல்ல முடியாது. நியாயமான கேள்விதான்.

வந்தவர்களில் ஒரு தம்பதி. கோவிந்தசாமி என்றும் பாக்கியம் என்றும் சொல்கிறேன், பெயரை மாற்றிச் சொல்லுங்கள் என்று அவர்களே பிறகு கேட்டுக்கொண்டார்கள். அவர் முன்பு தோட்டத்தில் லோரி ஓட்டியவர். அதிகம் பேசாதவர். அந்த அக்கா குளுவாங் பசாரில் காய்கறி விற்பவர், போகிற வருகிற எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வீட்டுக்கு ஒரு டேப்லட் என்பதுதான் எங்கள் ஏற்பாடு. மாடலிலும் அப்படித்தான், ஒரு குடும்பம் என்றால் ஒரு மூளை. கோவிந்தசாமி அண்ணன் வாங்கிக்கொண்டு ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். அக்கா என் மேசைக்கு வந்து, காலையில் எழுந்ததிலிருந்து நானும்தானே அந்த நிலத்தில் கிடக்கிறேன், எனக்கு ஒன்று இல்லையா என்று கேட்டார். என் உதவிக்கு வந்திருந்த இளம் சகா ஃபாரா உபரியாக இருந்த ஒன்றை எடுத்து அவர் பெயரையும் ஏற்றிக் கொடுத்துவிட்டாள். ஒரே நிலத்துக்கு இரண்டு பேர் ஆடுவது அதுதான் முதல் தடவை.

முதல் சில சுற்றுகள் கலகலவென்று போயின. வறட்சி வந்தது. நல்ல மழை வந்தது. ஒருவர் ஆற்றங்கரையில் டுரியான் வைப்பேன் என்று எழுத, மண்டபமே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். பிறகு நான் வெள்ளத்தை அறிவித்தேன்.

சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லோரும் குனிந்து எழுதினார்கள். என் திரையில் ஒவ்வொரு வரியாக வந்து விழுந்தது. தண்ணீர் வடியக் கான் வெட்டுவேன், கொஞ்ச நாள் வெளி வேலைக்குப் போவேன், அதே பயிரையே போடுவேன். பாக்கியம் அக்கா கரையை உயர்த்துவேன் என்று தேர்ந்தெடுத்து, வெள்ளம் வடிந்த மண்ணில் வெண்டை நன்றாக வரும் என்று எழுதியிருந்தார். அதற்கு அடுத்த வரியில் அவர் வீட்டுக்காரர். நிலத்தை விற்றுவிடுவேன் என்று தேர்ந்தெடுத்திருந்தார். ஏன் என்ற இடத்தில், ஆங்கில எழுத்தில் தமிழாக, இனி முடியாது, புரோக்கரிடம் சொல்லிவிட்டேன், செனாயில் ஜாகா வேலை பேசியிருக்கிறது, பாக்கியத்துக்கு இன்னும் தெரியாது என்று எழுதியிருந்தார்.

எங்கள் விளையாட்டில் புரோக்கர் கிடையாது. செனாய் கிடையாது. காவலாளி வேலையும் கிடையாது.

அந்த மனிதர் திரையில் வரும் என்பதை மறந்தே எழுதியிருக்க வேண்டும். அல்லது, யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று வெகுநாளாக இருந்து, கையில் ஒரு கட்டம் கிடைத்ததும் அதில் கொட்டிவிட்டார். இன்றுவரை எனக்கு எது என்று தெரியாது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோது அவர் டேப்லட்டைத் தொடையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் அக்கா பக்கத்தில் இருந்த வயதான மலாய் மக்சிக்கிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் காத்திருந்தார். ஃபாராவுக்குத் தமிழ் தெரியாது, ஏன் அழுத்தவில்லை என்று கண்ணால் கேட்டாள்.

அந்த நேரத்தில் மனசு எவ்வளவு வேகமாக வழி தேடும் என்பது அனுபவித்தால்தான் தெரியும். அவர் வரியை மட்டும் மறைக்கலாம் என்றால், பெயருக்கு எதிரே காலி இடம் விழும், என்ன எழுதினீர்கள் என்று எல்லோரும் அவரைத்தான் கேட்பார்கள். பெயர் இல்லாமல் மொத்தத்தை மட்டும் காட்ட அந்தப் புரோகிராமில் அப்போது வசதி இல்லை. மிச்சம் இருந்தது ஒன்று, இயந்திரம் கெட்டுப்போய்விட்டது என்று சொல்வது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் காலையிலிருந்து அந்த ஜனங்கள் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து எங்களுக்கு உண்மையாக எழுதித் தந்துகொண்டிருந்தார்கள். பதிலுக்கு ஒரு பொய்யைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தவிர, அப்படிச் சொன்னால் ஃபாரா உடனே ஓடிவந்து சரிசெய்துவிடுவாள். அவள் கெட்டிக்காரி.

புரொஜெக்டரின் வயரைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றேன். முதலில் மலாயில், பிறகு தமிழில் சொன்னேன். "இந்தச் சுற்றுல நீங்க எழுதினத நான் படிச்சிட்டேன். இது உங்க சொந்த விஷயம். உங்கள ஒவ்வொருத்தரா கேக்காம இத சுவத்துல போட மாட்டேன். இப்ப சாப்பிட்டுட்டு வருவோம்."

ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நாங்கள் ஒன்றும் தப்பாக எழுதவில்லையே என்று ஒருவர் கேட்டார். இல்லை, எல்லோருமே யோசித்து எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் என்றேன். அதிகாரி எழுந்து மேசைக்கு வந்தார். தாழ்ந்த குரலில்தான் பேசினார், ஆனால் கோபம் தெரிந்தது. நான் பார்க்க வந்ததே இந்தச் சுற்றைத்தான், இதைக் காட்டாவிட்டால் எதை வைத்துக் கூட்டத்தில் பேசுவேன் என்றார். கூட்டத்துக்கு நானே வருகிறேன், நீங்கள் கேட்பதற்கெல்லாம் அங்கே பதில் சொல்கிறேன், இந்த மண்டபத்தில் மட்டும் கேட்காதீர்கள் என்றேன்.  அவர் சாப்பாட்டுக்கு வைத்திருந்த மீ கோரெங் தட்டை எடுத்துக்கொண்டு தன் காருக்குப் போய்விட்டார். என் வேலைக்கு என்ன ஆகுமோ என்று யோசித்துக்கொண்டே அண்ணனைத் தேடிப் போனேன்.

கோவிந்தசாமி அண்ணன் மண்டபத்தின் பின்பக்கம், தண்ணீர் டாங்கிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நான் போனதும், என் எழுத்தால்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். நீங்கள் சொல்லும்வரை அது யார் கண்ணிலும் படாது என்றும் சொன்னேன். அவர் தலையாட்டினார். நான் கேட்காமலே பேச ஆரம்பித்துவிட்டார்.

போன வெள்ளத்தில் விடியும் நேரத்துக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. இவர் பக்கத்து நிலத்துக் கிழவரை முதுகில் தூக்கி ரோட்டு மேட்டில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பாக்கியம் நெஞ்சளவுத் தண்ணீரில் ஆட்டுக் கொட்டகை பக்கம் நடந்துகொண்டிருந்தாராம். இவர் கத்தியது அங்கே கேட்கவில்லை. ஒரு கட்டத்தில் தலை மறைந்துபோய் மறுபடி வெளியே வந்ததாம். படகோடு வந்தவர்கள்தான் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு மழை சத்தம் கேட்டாலே தூக்கம் போய்விடுகிறது என்றார். நாலு ஆட்டுக்காக உயிரை விடப் பார்த்தவளை அந்த நிலத்தில் வைத்திருக்க முடியாது, சொன்னால் கேட்க மாட்டாள், அதனால் விற்றுவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று இருந்தேன் என்றார்.

எங்கள் மாடலில் மழை இருந்தது, செம்பனை விலை இருந்தது, அண்டை வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்பதுகூட இருந்தது. இது எங்கேயும் இல்லை. அதை நினைத்துக்கொண்டே நின்றபோது பாக்கியம் அக்கா கையில் தே ஓ தேநீர்க் குவளையோடு வந்துவிட்டார். வந்தவர் எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்தார்.

"மிஸ், இவரு என்ன எழுதினாரு?" என்று என்னைத்தான் கேட்டார்.

மண்டபத்தில் நின்றதைவிட இது கஷ்டமாக இருந்தது. ஒன்றும் இல்லை என்று சொன்னால் அது பொய். சொல்லிவிட்டால் கொடுத்த வாக்கு போச்சு. "அக்கா, அது அவரோட எழுத்து. நான் சொல்லக் கூடாது. அவரயே கேளுங்க" என்றேன். அவர் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வற்புறுத்துவது போல இருக்கும் என்று தோன்றியது.

 அண்ணனே சொன்னார். புரோக்கரைச் சொன்னார், செனாயைச் சொன்னார். அக்கா குவளையை டாங்கி விளிம்பில் வைத்துவிட்டு அசையாமல் கேட்டார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கடைசியில் அவர் அந்த வெள்ளத்தைச் சொல்லி, ஆட்டுக்காக நீ இறங்கினதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை என்றபோதுதான் அக்கா வாயைத் திறந்தார்.

"ஆட்டுக்கா? நீங்க மோட்டார் கொட்டாய்ல மாட்டிக்கிட்டீங்கன்னு நினைச்சேன். கூப்பிட்டேன், பதில் இல்ல. அதான் எறங்கினேன்."

மோட்டார் கொட்டகைக்கு ஆட்டுக் கொட்டகையைத் தாண்டித்தான் போக வேண்டுமாம். இவர் அன்றைக்கு மோட்டார் பக்கம் போகவே இல்லை, கிழவரைத் தூக்கப் போயிருந்தார். அது அந்த அக்காவுக்குத் தெரியாது. கரையேறிய பிறகு இவர் ஆத்திரத்தில் ஆடு முக்கியமாகப் போச்சா என்று திட்டியிருக்கிறார். அக்காவுக்கு அதைக் கேட்டு மனசு விட்டுப்போய், உங்களைத் தேடித்தான் இறங்கினேன் என்று சொல்லவே இல்லை. அடுத்த மழைக்காலம் நெருங்கும்வரை ஒரே வீட்டில் அதை ஆளுக்கொரு பக்கமாகச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார்கள்.

 அண்ணன் டாங்கி விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டார். அக்கா அந்தக் குவளையை எடுத்து அவர் கையில் கொடுத்து, ஆறிப்போகுது, குடிங்க என்றார். அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. நமக்கு எல்லாமே தரவுதான், ஆனால் சில இடத்தில் நாம் நகர்ந்து போய்விட வேண்டும்.

இடைவேளைக்குப் பிறகு நானும் ஃபாராவும் ஒவ்வொருவரிடமும் போய், உங்கள் வரியைக் காட்டலாமா என்று கேட்டோம். நேரம் பிடித்தது. பெரும்பாலோர் காட்டச் சொன்னார்கள். வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள், அவர்கள் மறுப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. கோவிந்தசாமி அண்ணனும் பாக்கியம் அக்காவும் ஒரு டேப்லட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். காட்ட வேண்டாம் என்றார்கள், இருவர் வரியையும் அவர்கள் கண்முன்னாலேயே அழித்தேன். அக்கா ஒரு சந்தேகம் கேட்டார். இதில் நிலத்தை விற்கலாம் என்று இருக்கிறது, வைத்திருக்கலாம் என்று இருக்கிறது, வீட்டை மட்டும் மேட்டுக்குக் கொண்டுபோய்விட்டு நிலத்துக்குப் பகலில் வந்துபோக எதை அழுத்துவது என்றார். ஃபாரா திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். அப்படி ஒன்றை நாங்கள் வைக்கவில்லை. எங்கள் மாடலில் வீடும் நிலமும் ஒரே இடம். ஆள் போனால் நிலமும் போச்சு. இப்போதுதான் நாங்களே யோசித்துக்கொண்டிருக்கிறோம், நீங்களும் யோசியுங்கள் என்று சிரித்தார் அக்கா. அழுதிருந்த கண்ணோடு சிரித்தார்.

மறுநாள் புரோஃப் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், யார் என்ன எழுதினார் என்பதைத் தவிர. அவரும் கேட்கவில்லை. அதிகாரி போன் பண்ணிவிட்டார், கோபமாகத்தான் இருக்கிறார் என்றார். நான் கூட்டத்தில் பேசட்டுமா என்றேன். வேறு யார் பேசுவது, மண்டபத்தில் நின்றது நீதானே என்றார். அந்த வாரம் முழுக்க நானும் ஃபாராவும் மாடலைப் பிரித்துப் போட்டோம். குடும்பத்துக்குள் இரண்டு பேரை வைத்தோம், இருவரும் ஒத்துப்போகாமல் இருக்கவும் இடம் கொடுத்தோம். வீட்டை நிலத்திலிருந்து பிரித்தோம். ஓட்டிப் பார்த்தால் படமே வேறாக வந்தது. பழைய மாடலில் கிளம்பிப் போன பலர் இதில் போகவில்லை. வீட்டை நகர்த்திக்கொண்டு நிலத்தில் நின்றார்கள், நிலத்துக்குப் போகும் ரோடு தண்ணீரில் மூழ்காமல் இருந்தால். ரோடு மூழ்கினால் அவர்களும் போய்விட்டார்கள்.

கூட்டத்தில் அதிகாரி முதல் கேள்வியாக அதையே கேட்டார், வெள்ளச் சுற்று எங்கே என்று. புரோஃப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் பதில் சொல்லிவிடுவார் என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். அவர் மைக்கை என் பக்கம் நகர்த்திவிட்டுத் தண்ணீர் குடித்தார். சம்மதித்தவர்களின் பதில்கள் இதோ, சம்மதிக்காதவர்களுடையதை எடுத்துவிட்டேன், அதனால் இதில் ஓட்டை இருக்கிறது, எங்கே என்று சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். பிறகு இரண்டு மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினேன். அப்படியானால் கரை வேண்டாமா என்று அவர் மடக்கினார். வேண்டும் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு இன்னும் தெரியாது, ஆனால் இவர்கள் எப்படியும் போய்விடுவார்கள் என்பதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள், அது சரியில்லை என்று இப்போது தெரியும் என்றேன்.  அதிகாரி ரோட்டைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். நல்ல கேள்விகளாகக் கேட்டார். எந்த இடத்தில் முதலில் மூழ்குகிறது, எவ்வளவு உயர்த்தினால் போதும் என்று.

கரை அந்த வருஷம் கட்டவில்லை. கீழ்க் கம்பத்துக்கும் போகவில்லை, இன்னொரு தடவை ஆராயலாம் என்று தள்ளிவைத்தார்கள். ஆனால் ரோட்டை உயர்த்திப் பாலத்துக்கு அடியில் பெரிய குழாய் போட்டார்கள். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். நம் வேலையில் அதற்கு மேல் கிடைத்த நாட்கள் குறைவு.

கூட்டம் முடிந்து திரும்பும் வழியில் புரோஃப் காரை நிறுத்தி பீசாங் கோரெங், வாழைப்பழப் பஜ்ஜி, வாங்கினார். சூடாக ஒன்றை என் கையில் திணித்துவிட்டு, இனிமேல் பெயரோடு எதையும் சுவரில் போடாதபடி புரோகிராமை மாற்றச் சொல்லு என்றார். அவ்வளவுதான். பாராட்டாகவும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு களத்துக்கு அனுப்பும்போது என்னிடம் எதையும் திருப்பித் திருப்பிச் சொன்னதில்லை. இன்று உங்கள் திரையில் பெயர் இல்லாமல் வெறும் எண்ணிக்கை மட்டும் வருகிறதே, உங்களில் சிலருக்கு அது சப்பென்று இருப்பதாகச் சொன்னீர்களே, அது அன்று அந்தக் காரில் முடிவானது.

மாடல் என்றைக்கும் முழுசாக இருக்காது. அதைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை, நீங்களும் படாதீர்கள். விட்டுப்போனது தெரிந்தால் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு மண்டபத்தில் பட்டனுக்கு முன்னால் நிற்கும்போது கணினியை மட்டும் பார்க்காதீர்கள், தலையைத் தூக்கி அங்கே உட்கார்ந்திருப்பவர்களையும் பாருங்கள். அவசரப்படுத்துகிறவர் முன்வரிசையில்தான் இருப்பார். அவரிடம் உண்மையைச் சொல்லி நேரம் கேட்டால், பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்காவிட்டாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கோவிந்தசாமி அண்ணன் புரோக்கருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். செனாய் வேலைக்கும் போகவில்லை. காஹாங் பட்டணத்தில், மேட்டில், ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு காலையில் நிலத்துக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பினார்கள். ஆடுகளை விற்றுவிட்டார்கள். அதில் அண்ணனுக்குத்தான் வருத்தம் என்று அக்கா பிறகு ஒருநாள் பசாரில் சொன்னார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு மறுபடி பெரிய வெள்ளம் வந்தது. காஹாங் பக்கம் தண்ணீர் ஏறிவிட்டது என்று செய்தியில் பார்த்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மூன்றாம் தடவை எடுத்தார். பின்னால் சட்டியில் எதுவோ பொரியும் சத்தம். நிலம் முழுக்க முங்கிப்போச்சு மிஸ், வெண்டையெல்லாம் போச்சு, தண்ணி வடிஞ்சதும் மறுபடி போடணும் என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்குக் கேட்க வேண்டியது அது இல்லை. அண்ணன் எங்கே என்றேன்.

"இங்கதான், என் பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிக்கிறாரு" என்றார் அக்கா. "பேசறீங்களா?"